அறுநூறு எம்.எம்.

எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும் என்று சொல்வார்கள், சாமி. அது வீண் பழி. குழம்பு வாசனை எங்கள் மொட்டை மாடி வரை வருவதில்லை. யார் துணி காயப்போட்டார்கள், யார் எடுக்க மறந்தார்கள், யார் வீட்டுப் போர்வை ரெண்டு மாதமாகத் தண்ணீரையே பார்க்கவில்லை, இவ்வளவுதான் தெரியும்.

எழுதிக்கொண்டு வந்து படிக்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். புதுநன்மை வாங்கும் வயதில் மடத்து சிஸ்டர்கள் எங்களை அப்படித்தான் பழக்கினார்கள். பாவங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் ஒன்றும் விட்டுப்போகாது. அப்போது எனக்கு எட்டு வயது, நாலு வரியில் முடிந்துவிட்டது. இப்போது அறுபத்திரண்டு. தாள் கொஞ்சம் நீளம்.

பாவசங்கீர்த்தனத் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பீர்கள். ஏவ்லின்தான். முதலியார்பேட்டைக்கே கேமரா மதாம். என் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், போய் ஆறு வருடம் ஆகிறது. மகன் செத்ரிக் பிரான்ஸில், துலூஸ் நகரத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூப்பிடுவான். பதினோரு நிமிடம் பேசுவான். பன்னிரண்டாவது நிமிடம் என்று ஒன்று அவனுக்குக் கிடையாது.

அப்பா செத்த துக்கம் தெரியாமல் இருக்கட்டும் என்று அவன்தான் தன் பழைய கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனான். முதலில் அதன் கூடவே வந்த லென்ஸ். பூந்தொட்டி, பூனை, பூந்தொட்டிக்குள் பூனை. பிறகு மிக அருகில் வைத்து எடுக்கிற மேக்ரோ லென்ஸ். எறும்பின் முகத்தை ஆறு மாதம் எடுத்தேன். எறும்புக்கே அலுத்திருக்கும். இந்த விஷயத்தில் ஒரு லென்ஸோடு நிறுத்தியவர்களை நான் பார்த்ததில்லை. ஒன்று வந்த மறுநாளே அடுத்ததைப் பற்றிய வீடியோ பார்க்க ஆரம்பித்துவிடுவோம். காலிப் பெட்டியைக்கூடத் தூக்கி எறிய மாட்டோம். என் கட்டிலுக்கு அடியில் பதினான்கு பெட்டிகள் இருக்கின்றன. புதுப் பெட்டியைப் பிரிக்கும்போது கறுப்பு நுரைப் பஞ்சிலிருந்து ஒரு வாசனை வரும். அந்தக் கால் மணி நேரம் வீட்டில் யாரோ விருந்தாளி வந்த மாதிரி இருக்கும்.

படங்களை யார் பார்த்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஆன்லைனில் ஒரு ஆல்பம் போட்டு செத்ரிக்குக்கு அனுப்பினேன். எத்தனை பேர் திறந்தார்கள் என்று அதுவே எண்ணிக் காட்டும். பத்து மாதமாகப் பூஜ்ஜியம் காட்டியது. எங்கள் போட்டோ குழுவில் நூற்று முப்பது பேர். எல்லோரும் தங்கமானவர்கள். படத்தைப் பார்க்க மாட்டார்கள், "என்ன லென்ஸ் மதாம்?" என்று மட்டும் கேட்பார்கள்.

பார்த்தவள் துர்கா ஒருத்திதான்.

பதினைந்து வீடு தள்ளி இருக்கிற பெண். இருபத்தாறு வயது. பிரான்ஸில் குடியுரிமை உள்ள எழிலரசன் என்ற பையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்து பதினெட்டாம் நாள் அவன் விமானம் ஏறிவிட்டான். இவள் விசாவுக்குக் காத்திருந்தாள். பிரெஞ்சில் வரும் கடிதங்களைப் படித்துச் சொல்லவும் விண்ணப்பம் நிரப்பவும் என்னிடம் வந்தாள். வந்தவள் படங்களைப் பார்த்தாள். வேகமாகத் தள்ளிவிட்டுப் போகிறவள் இல்லை. ஒவ்வொன்றாக நிறுத்தி, "இந்த எறும்புக்குக் கோவம் மதாம், வூட்ல சண்டையாட்டம் இருக்கு" என்பாள். அதன் பிறகு தினமும் ஆறு மணிக்கு வந்தாள். வெளிச்சத்துக்கு வெள்ளைத் தட்டி பிடிப்பாள், காப்பி கலப்பாள், புதுப் பெட்டி வந்தால் நகம் வைத்து ஒட்டு நாடாவைக் கிழிப்பது அவள் வேலை. ஏழரைக்குப் போவாள். என் நாள் என்பது அந்த ஒன்றரை மணி நேரம்தான், சாமி. மற்ற இருபத்திரண்டரை மணி நேரம் அதற்குக் காத்திருப்பது.

இந்த வருடம் ஈஸ்டர் முடிந்து பெரிய லென்ஸ் வாங்கினேன். நூற்றைம்பதிலிருந்து அறுநூறு எம்.எம். வரை. ரெண்டு கிலோ, சுரைக்காய் அளவு. பறவை எடுக்கத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். ராணுவ உடைபோலப் பச்சையும் பழுப்புமாக ஒரு துணி உறைகூட வாங்கிப் போர்த்தினேன். முதலியார்பேட்டைக் காக்கைகள் அதைக் கண்டு ஏமாறவில்லை.

அந்த லென்ஸில் எடுத்த ஒரு படத்தை உங்களுக்குக் காட்டினேன், ஞாபகம் இருக்கும். நீங்கள் கோயில் வாசலில் நிற்கிறீர்கள். மீன்காரம்மா உங்களுக்குப் பின்னால் நாற்பது அடி தள்ளித் தெரு முனையில் கூடையை இறக்குகிறாள். படத்தில் பார்த்தால் அவள் உங்கள் தோளில் சாய்ந்து நிற்கிறாள். நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "அழிச்சிடுங்க மதாம், ஆயர் பாத்தா என் கத கந்தல்" என்றீர்கள். இது எப்படி இப்படி விழுகிறது என்று கேட்டீர்கள். ரொம்ப தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் எடுத்தால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும் சாமி, லென்ஸ் தூரத்தை மடித்துவிடும் என்று சொன்னேன். பெரிய விஷயத்தைக் கற்றுக்கொண்டதுபோலத் தலையை ஆட்டினீர்கள். நம் ஊரில் அதை நான் சொல்லிக்கொடுத்த ஒரே ஆள் நீங்கள்தான்.

ஆடி பிறந்து ரெண்டாம் நாள் துர்காவுக்கு விசா வந்தது.

அந்தச் செய்தி இருந்த கடிதத்தைப் பிரிக்காமல் என்னிடம்தான் கொண்டுவந்தாள். உறையைப் பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது. இன்னும் ஒரு தாள் தேவை, மூன்று மாதம் ஆகும் என்று நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பிரெஞ்சில் நன்றி சொல்வதைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு கடிதத்தைப் பொய்யாகப் படித்துச் சொல்வது பாவம் இல்லையா. உள்ளதை உள்ளபடி படித்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். தேங்காய் எண்ணெய் வாசனை. என் தோளை யாராவது தொட்டே ஆறு வருடம் ஆகியிருந்தது.

"போய்ச் சேந்ததும் தெனமும் போன் பண்றேன் மதாம்" என்றாள்.

செத்ரிக்கும் முதல் வருடம் தினமும்தான் கூப்பிட்டான்.

அந்த வாரமே அவளை அனுப்பியிருந்தால் இன்றைக்கு நான் உங்கள் நேரத்தை வீணாக்கிக்கொண்டிருக்க மாட்டேன். அவள் அம்மாதான், "ஆடியில பொண்ண அனுப்பக் கூடாது, ஆவணி பொறக்கட்டும்" என்று நிறுத்தினாள். எனக்கு ஒரு மாதத்தைக் கையில் கொடுத்தது அவர்கள்தான், சாமி. இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த மாதத்தில் நான் தூங்கியது குறைவு. அவள் போன பிறகு ஆறு மணிக்கு என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்ப்பேன். நாற்காலியில் உட்காருவேன், ஏழரை வரை உட்காருவேன், எழுந்திருப்பேன். அதற்குமேல் யோசனை போகாது. கிணற்றில் விழுந்தவள் சுவரைப் பிறாண்டுவதுபோல நினைவு அங்கேயே சுற்றும்.

துர்கா என்னிடம் வருவதற்கு முன், ஐந்தரைக்குத் தன் வீட்டு மாடியில் துணி எடுப்பாள். பிரான்ஸில் அது மதியச் சாப்பாட்டு நேரம். எழிலரசன் கூப்பிடுவான். காதில் சின்னதாக ஒன்றைச் செருகிக்கொண்டு பேசுவாள், கையில் போன் இருக்காது. பார்க்கிறவர்களுக்குத் தனியாகச் சிரிக்கிற மாதிரி இருக்கும். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தெரு. லாரி போகிற அளவு தெரு. அதற்கு அந்தப் பக்கம், அவர்கள் மாடி உயரத்துக்கே நிற்கிற மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஒற்றை அறை. அதில் கொளஞ்சி என்ற பெயின்டர் குடியிருந்தான். பெண்டாட்டி அஞ்சலாட்சியும் பெண் குழந்தையும் திருக்கனூர் பக்கம் ஊரில். அறைக்குள் சிக்னல் வராது. வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, அவனும் ஐந்தரைக்கு மாடி ஓரத்தில் நின்று பெண்டாட்டியோடு பேசுவான். அவன் காதிலும் அதே மாதிரி ஒன்று.

துர்காவும் அவனும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு எல்லார் பெயரும் தெரியும்.

முதல் நாள் அது தானாகத்தான் விழுந்தது. கிளிக் கூட்டம் ஒன்றைத் தொடர்ந்து லென்ஸைத் திருப்பினேன். ரெண்டு பேரும் ஒரே சட்டகத்துக்குள் வந்தார்கள். கொடியில் தொங்கிய புடவை நடுவில் இருந்த தெருவை முழுசாக மறைத்துவிட்டது. ஆனால் அவன் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான், சரியில்லை. மறுநாள் நான் என் மாடியில் ரெண்டடி இடது பக்கம் நகர்ந்தேன். அன்றைக்கு அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மூன்றாம் நாள் புடவை இல்லை. நான்காம் நாள் எல்லாம் அமைந்தது. அவள் தலையைச் சாய்த்து ஏதோ கேட்டுச் சிரிக்கிறாள். அவன் குனிந்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். கொளஞ்சி நல்ல உயரம். தள்ளி நின்றும் அவள் பக்கத்தில் நிற்கிற ஆளின் அளவுக்கே தெரிந்தான். ரெண்டு நெற்றிக்கும் நடுவில் ஒரு கை அகலம்கூட இல்லை. இருவரும் தங்கள் தங்கள் துணையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எடுத்ததிலேயே அன்பு ததும்பும் படம் அதுதான். குழுவில் போட முடியாதே என்று வருத்தமாக இருந்தது.

படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினேன். ஓரங்களை வெட்டினேன். எடுத்த தேதி, நேரம் எல்லாம் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும், அதை நீக்கினேன். அது முக்கியம். இல்லையென்றால் அந்த நிமிடத்தில் தன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தாள் என்று எழிலரசனுக்குத் தெரிந்துவிடும். பார்த்தால் பக்கத்து மாடியிலிருந்து யாரோ மட்டமான போனில் எடுத்ததுபோல ஆனது. இவ்வளவு செலவு செய்து லென்ஸ் வாங்கிவிட்டு அப்படி ஆக்குவதற்கு மனசு வரவில்லை. ஆக்கினேன்.

துலூஸ் போயிருந்தபோது செத்ரிக் வாங்கிக் கொடுத்த பிரெஞ்சு எண் பழைய போனில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எழிலரசனின் எண் எனக்கு மனப்பாடம். விண்ணப்பத்தில் எழுதியது நான்தானே. படத்தை அனுப்பினேன். கூட ஒரு எழுத்து சேர்க்கவில்லை. அவதூறு என்றால் சொல்லால் செய்வது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் கொஞ்சம் கோபித்துக்கொள்வான், பயணம் ஒரு ஆறு மாதம் தள்ளிப்போகும், அதற்குள் சமாதானம் ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆறு மாதம். நான் கேட்டது அவ்வளவுதான்.

அவன் அந்தப் படத்தைத் துர்காவுக்கு அனுப்பவில்லை. அவள் அண்ணன் ராஜவேலுக்கு அனுப்பி, "இது யாரு மச்சான்?" என்று மட்டும் கேட்டிருக்கிறான். ராஜவேல் பெட்ரோல் பங்கில் வேலை செய்கிற பையன். யாரையும் அதிர்ந்து பேசாதவன். என் வீட்டுத் தண்ணீர்க் கேனை அவன்தான் மாடிக்கு ஏற்றித் தருவான். மறுநாள் நாலு மணிக்கு வந்தான். முகம் வெந்துபோயிருந்தது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று போனை நீட்டினான்.

"மதாம், நீங்க போட்டோ தெரிஞ்சவங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன். இது ரெண்டு படத்த ஒட்டிப் போட்டதா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் என் படம்.

"இல்ல தம்பி. ஒட்டு வேல எதுவும் இல்ல."

"நல்லாப் பாருங்க மதாம். இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல இன்னா இன்னாமோ பண்றானுங்க. பொய்யின்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். மச்சானுக்குப் போன் போட்டு உங்களையே பேச வச்சிடுறேன். தங்கச்சி சத்தியம் பண்ணி அழுவுது."

"ரெண்டு பேரு மேலயும் வெயில் ஒரே பக்கம் விழுது பாரு. நெசமான படந்தான்."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அப்ப நெசந்தான்" என்றான். "காப்பி வேணாம் மதாம். வரேன்."

அவன் கேட்டது ஒட்டியதா என்று, சாமி. தூரத்தை மடித்ததா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாததைப் பாவத்தில் எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் தாளில் இந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் கேமரா வழக்கம்போல மூன்று காலில் நின்றிருந்தது. பின் தெருக் கட்டடத்துப் படியேறி ராஜவேல் போனதைப் பார்த்தேன். கொளஞ்சி போனில் குழந்தையிடம் ஏதோ பாட்டுப் பாடிக்காட்டிக்கொண்டிருந்தான் போல, தலை ஆடியது. ராஜவேல் கேட்டான். அவன் இல்லை என்று கையை விரித்தான். மறுபடியும் கேட்டான், மறுபடியும் விரித்தான். அந்த மாடிச் சுவர் முழங்கால் உயரம்தான். அப்படிக் கட்டக்கூடாது என்று அந்த வீட்டுக்காரரிடம் நான் அப்போதே சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு தள்ளுதான். அடிக்க வேண்டும் என்றுகூட நினைத்திருக்க மாட்டான்.

அஞ்சலாட்சி மறுமுனையில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ரொம்ப நேரம் "ஹலோ ஹலோ" என்று சொல்லிக்கொண்டே இருந்ததாகச் சொன்னார்கள்.

நான் படம் எடுக்கவில்லை. மேகம் மூடி வெளிச்சம் இறங்கிவிட்டிருந்தது.

ராஜவேல் எங்கேயும் ஓடவில்லை. கீழே வந்து அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். இப்போது காலாப்பட்டு ஜெயிலில் இருக்கிறான். கொன்றவன் தானே வந்து நிற்கும்போது படத்தை யார் எடுத்தது என்று போலீஸ் எதற்குத் தேடப்போகிறது. தெருவில் பக்கத்து மாடிக்காரர்களைத்தான் சந்தேகப்படுகிறார்கள். எடுத்தது மட்டமான போன் என்று அவர்களிடம் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள். நிபுணர் என்று ஊரில் நான் ஒருத்திதானே.

எழிலரசன் எண்ணை மாற்றிவிட்டான். விசா நாள் முடிந்துவிட்டது. பெற்ற பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்பியவள் என்று துர்காவின் அம்மா அவளோடு பேசுவதில்லை. கடைக்குப் போனால் பொம்பளைகள் வரிசையில் விலகி இடம் விடுகிறார்கள். அவளுக்குப் போக்கிடம் என் வீடு ஒன்றுதான். இப்போது ஆறு மணி வரை காத்திருப்பதில்லை, நாலு மணிக்கே வந்துவிடுகிறாள். மதாம் என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள்.

"நான் சொல்றத நம்புறது நீங்க மட்டுந்தாம்மா" என்றாள் ஒருநாள்.

"எனக்குத் தெரியாதாடி" என்றேன். அது சத்தியம்.

அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அழும்போது ஒரு படம் எடுத்தேன். அவள் தடுக்கவில்லை. குழுவில் போட்டேன். எறும்புக்கு நாலு பேர் விருப்பம் போட்டார்கள், இதற்கு நூற்றுப் பத்து பேர். இதில் ஒரு உயிர் இருக்கிறது மதாம் என்று ஒருவர் எழுதினார். என்ன லென்ஸ் என்று மற்றவர்கள் கேட்டார்கள். ஆல்பத்தைச் செத்ரிக்கும் திறந்திருக்கிறான். எண் ஒன்று என்று காட்டியது.

தாள் முடிந்துவிட்டது. இனி சொல்வது எழுதாதது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என்னை நிறுத்தினீர்கள். தெருக்காரர்களை விசாரித்துக்கொண்டு வந்த ராஜவேலின் வக்கீல் உங்களையும் வந்து பார்த்ததாகவும், அந்தப் படத்தைக் காட்டியதாகவும் சொன்னீர்கள். பிறகு சும்மா கேட்பதுபோல, "மதாம், அந்த மீன்காரம்மா படம் இன்னும் வச்சிருக்கீங்களா?" என்றீர்கள். வியாழக்கிழமை வக்கீல் மறுபடியும் வருவார் என்றும் சொன்னீர்கள். நீங்கள் கெட்டிக்காரர், சாமி. ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும். வக்கீலிடம் சொல்வீர்கள். வழக்கு மாறும், துர்காவின் பெயர் துலங்கும், எழிலரசன் காலில் விழாத குறையாக வந்து நிற்பான். ஒரே மாதத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

அதனால்தான் இன்றைக்கு வந்தேன். இன்று புதன்கிழமை.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு சொல்லாலும் சொல்லக்கூடாது, முகத்தாலும் காட்டக்கூடாது என்று சிஸ்டர்கள் சொல்வார்கள். நாளைக்கு வக்கீல் வந்து கேட்கும்போது உங்களுக்கு அது ஞாபகம் வரும். தானாகத் தோன்றியது எது, நான் சொல்லித் தெரிந்தது எது என்று பிரித்துப் பார்ப்பீர்கள். பிரிக்க முடியாது. நீங்கள் நல்லவர், அதனால் பேசாமல் இருந்துவிடுவீர்கள்.

நீங்கள் இருமுவது கேட்கிறது. "போலீஸ்ல போய்ச் சொல்லணும்மா, அதுவரைக்கும் பாவமன்னிப்பு குடுக்க மாட்டேன்" என்கிறீர்கள். பரவாயில்லை, சாமி. மன்னிப்பு மெதுவாக வரட்டும். உள்ளே ஒளித்து வைக்காமல் உங்களிடம் கொட்டியதே மனசுக்கு எவ்வளவு லேசாக இருக்கிறது.

மூன்றரை ஆகிவிட்டது, நான் கிளம்ப வேண்டும். முகம் எடுப்பதற்கென்றே ஒரு புது லென்ஸ் காலையில் வந்திருக்கிறது. பெட்டியை நான் பிரிக்கவில்லை, துர்கா வந்து அவள் கையால் பிரிக்கட்டும் என்று மேசைமேல் வைத்திருக்கிறேன். பாவம், அந்தப் பெண்ணுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.